ஒரு ஊசிக்கு இரண்டு காது

எங்கள் பனியன் கம்பெனியில் தையல் ஊசி உடைந்தால் எழுதி வைக்கிற ஊசி ரிஜிஸ்டரில் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கும். தேதி, மிஷின் நம்பர், டைலர் பெயர், ஊசி உடைந்த நேரம், செலோ டேப்பில் ஒட்டிய ஊசித் துண்டுகள், கையெழுத்து. இதெல்லாம் எந்த ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போனாலும் உண்டு. எங்களுடையதில் கடைசியாக "தேடிய நேரம்" என்று ஒன்று இருக்கிறது. போன வாரம் குவாலிட்டியில் புதிதாகச் சேர்ந்த பெண், "இது எதுக்குங்க சார்? ஆடிட்ல யாரும் கேக்கறதில்லையே" என்று கேட்டாள். "தேடுன நேரத்துக்கு டைலருக்குக் காசு போடணும்ல, அதுக்குத்தான்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முழுசாகச் சொல்ல அங்கே நேரம் இல்லை. இங்கே சொல்கிறேன்.

2006 மே மாதம். பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தேன். 17 வயது. வீடு திருப்பூர் அனுப்பர்பாளையம். அப்பா பித்தளைப் பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து 40 நாள் ஆகியிருந்தது. செலவுக்கு மேல் செலவு. திருப்பூரில் லீவு விட்டால் பையன்கள் பனியன் கம்பெனிக்குப் போவது புதிதில்லை. அதிலும் அது ஆர்டர் குவிந்த காலம். எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று உலக அளவில் ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை 2005 ஜனவரியோடு முடிந்துவிட்டது. சந்துக்குச் சந்து புதிதாக பவர் டேபிள், அதாவது மோட்டாரில் ஓடும் தையல் மிஷின்கள், போட்டார்கள். "ஓவர்லாக், பேட்லாக் டைலர், கைமடி தேவை" என்று அட்டை தொங்காத கேட்டே இல்லை. அப்படி ஒரு அட்டையைப் பார்த்துத்தான் 15 வேலம்பாளையத்தில் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். அன்றைக்கே உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை, 22 மிஷின். பெரிய கம்பெனியிலிருந்து வெட்டிய துணி கட்டுக் கட்டாக வரும். நாங்கள் தைத்துக் கொடுப்போம். செக்கிங், அயனிங், பேக்கிங் எல்லாம் அங்கே. மே மாத வெயிலில் அந்தக் கூரைக்குக் கீழே மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் அது தெரியும். மிஷின் தலை கையை வைத்தால் சுடும்.

எனக்குக் கைமடி வேலை. டைலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டீ-சர்ட்டின் கீழ் ஓரத்தை அளவாக மடித்து ஊசிக்கு நேராகக் கொடுக்க வேண்டும். பார்த்தால் ஒன்றுமில்லாத வேலை. முதல் நாள் நான் மடித்ததில் பாதி கோணல். என் டைலர் அஞ்சாம் நம்பர் மிஷின் அக்கா. எல்லாருமே அவரை "அஞ்சாம் நம்பர்" என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பதைத் தாண்டிய வயது. காங்கேயம் ரோட்டில் படியூர் போய் இறங்கி உள்ளே நடந்து போக வேண்டிய ஊர். வீட்டில் மாமியாரும் ஆறு வயதுப் பெண்ணும். ஓரம் மடித்துத் தைக்கிற பேட்லாக் மிஷினை அவர் மிதித்தால் சத்தமே வேறு மாதிரி இருக்கும், விட்டு விட்டு வராது, ஒரே இழுப்பாக வரும். என் கோணல் மடிப்பைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. என் கையைப் பிடித்து, "அளவுக்கு எங்கயும் போவேண்டாம் கண்ணு, உன்ற கட்டவெரல் நகம் இருக்குதல்ல, அந்த நீளத்துக்கு மடி" என்றார். இரண்டு நாளில் பழகிவிட்டது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எனக்கு ஷிப்ட் சம்பளம். ஒரு ஷிப்டுக்கு 60 ரூபாய், இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட், 90 ரூபாய். மிஷின் ஓடினாலும் நின்றாலும் எனக்கு அது உண்டு. அக்காவுக்குப் பீஸ் ரேட், தைத்த எண்ணிக்கைக்குத்தான் காசு. மிஷின் நின்றால் அவருக்கு ஒன்றும் கிடையாது.

மே 8 திங்கட்கிழமை சட்டசபைத் தேர்தல், லீவு. மறுநாள் விட்டதைப் பிடிக்க எல்லாருக்கும் ஒன்றரை ஷிப்ட் போட்டார்கள். அன்றைக்கு ஓடியது கைக்குழந்தை டீ-சர்ட். வெளிர் மஞ்சள், நெஞ்சில் ஒரு வாத்து. நான்கு மணிக்கு ஆபீஸ் போனில் அக்காவைக் கூப்பிட்டார்கள். ஊரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர். காலையிலிருந்தே குழந்தைக்குக் காய்ச்சல், இப்போது கொதிக்கிறது என்றார்களாம். அக்கா வந்து உட்கார்ந்து மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தார். "கெளம்புங்கக்கா" என்றேன். "எட்டரைக்கு எந்திரிச்சாத்தான் ஒன்பது மணி பஸ்ஸப் புடிக்கலாம், அதுக்கு முந்தி போனா இன்னிக்கு ஓடுனது பூரா வீணு" என்றார். எடுத்த பண்டிலை, அதாவது துணிக் கட்டை, முடித்துக் கொடுத்தால்தான் கணக்கு.

எட்டு பத்துக்கு ஊசி உடைந்தது.

டக்கென்று ஒரு சத்தம். தையல் தெரிந்தவர்களுக்கு அந்தச் சத்தம் வயிற்றில் கேட்கும். பேட்லாக்கில் இரண்டு ஊசி ஓடிக்கொண்டிருந்தது; வலது பக்கத்து ஊசி காதுக்குக் கொஞ்சம் கீழே ஒடிந்திருந்தது. மிஷின் ஊசிக்குக் காது முனைப் பக்கம்தான் இருக்கும். மேல்பாதி மிஷினிலேயே நின்றது. போனது முனை மட்டும். மூன்று மில்லிமீட்டர் இருக்கலாம், ஒரு எள்ளின் நீளம்.

ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் நாளே எல்லாருக்கும் சொல்லப்படும். மிஷினை நிறுத்திக் கை தூக்க வேண்டும். சூப்பர்வைசர் காந்தத்தோடு வருவார். எல்லாத் துண்டும் கிடைக்க வேண்டும். ஒட்டிப் பார்த்தால் முழு ஊசி ஆக வேண்டும். அப்படியே டேப் போட்டு ரிஜிஸ்டரில் ஒட்டி, டைலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றாலும், அந்த மிஷினில் இருக்கிற பீஸ், பக்கத்தில் இருக்கிற பீஸ், மடியில் இருக்கிற பீஸ் அத்தனையும் எண்ணிச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். அது ஊசி கண்டுபிடிக்கும் மிஷினுக்குப் போய்த் திரும்பி வரும் வரை டைலருக்கு அந்தப் பண்டிலின் காசும் நிற்கும். குழந்தைத் துணி என்றால் இதில் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஏன் என்று கேட்கவே வேண்டாம்.

தேடினோம். பிளேட்டைத் துடைத்தோம், தரையில் காந்தத்தை இழுத்தோம், அக்கா தன் சேலை மடிப்பை உதறினார். பஞ்சும் நூல் பிசிரும்தான் வந்தது. சூப்பர்வைசர் அண்ணன், "நல்லாப் பாருங்க, நான் அந்த லைனை முடிச்சுட்டு வரேன்" என்று போய்விட்டார். மணி எட்டு இருபது. அக்கா எதுவும் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தையும் பார்க்கவில்லை. மண்டியிட்டுத் தரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். அந்தக் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

அப்புறம் நான் செய்ததை யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. மெக்கானிக் மேஜையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும், கழித்துப் போட்ட பழைய ஊசிகளைப் போட்டு வைப்பதற்கு. மெக்கானிக் டீக்குப் போயிருந்தார். போனேன், வளைந்த ஊசி ஒன்றை எடுத்தேன், குறடால் பிடித்து நுனிப்பக்கத்தை ஒடித்தேன், மீதியைப் பாட்டிலிலேயே போட்டேன். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். திரும்பி வந்து பெடலுக்கு அடியில் குனிந்து, "அண்ணா, கெடச்சிருச்சுங்கண்ணா!" என்று கத்தினேன்.

சூப்பர்வைசர் வந்தார். மிஷினிலிருந்த மேல்பாதியைக் கழற்றி, நான் கொடுத்த துண்டைக் கீழே வைத்து டேப் போட்டார். பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்கும் 12 மணி நேரம் நின்ற கால். அக்கா கையெழுத்துப் போட்டார். தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு என் தலையில் கை வைத்து, "நல்லா இருப்பே சாமி" என்று சொல்லிவிட்டு ஓடினார். பஸ்ஸைப் பிடித்திருப்பார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீடு வரை சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன்.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். பத்தரை மணிக்கு என் அக்காவின் குழந்தை அழுதது. அக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து தொட்டிலை ஆட்டினேன். அம்மாவின் பழைய வாயில் சேலைத் தொட்டில். ஆட்டியும் நிற்கவில்லை, சரி என்று கையில் தூக்கினேன். காதர்பேட்டையில் அப்பா வாங்கி வந்த செகண்ட்ஸ் பனியன், குறை என்று கழித்தது, போட்டிருந்தது. அதன் கீழ் ஓரம் என் விரலுக்கு வந்தது. பேட்லாக் தையல். பழக்கதோஷத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அளவு பார்த்தேன்.

அப்போதுதான் கண்முன் வந்தது. மிஷினில் நின்ற மேல்பாதியில் காது இருந்தது. நான் ஒடித்துக் கொண்டு வந்த துண்டிலும் காது இருந்தது. ரிஜிஸ்டரில் ஒட்டியிருக்கிற ஊசிக்கு இரண்டு காது.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் வந்தது மாட்டிக்கொள்வோம் என்கிற பயம்தான். யாராவது பார்த்தால் என்ன சொல்வது, எப்படிச் சமாளிப்பது என்றுதான் மனசு ஓடியது. குழந்தை என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிப்போயிருந்தது. அதன் வயிறு என் நெஞ்சில் ஏறி இறங்கியது. மடித்துத் தைத்த ஓரம் குழந்தையின் வயிற்றில்தான் உட்காரும். அது எனக்கு எத்தனையோ ஆயிரம் பீஸ் மடித்த பிறகு அந்த ராத்திரிதான் உறைத்தது. முனை எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத்தான் கிடைத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். விடிய விடியத் தூங்கவில்லை.

காலை ஏழே முக்காலுக்கு கேட் திறக்கும்போது நான் நின்றிருந்தேன். சூப்பர்வைசர் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். ரிஜிஸ்டரைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "எத்தன கட்டு நேத்து டெம்போல போச்சு?" என்று மட்டும் கேட்டார். சாயங்காலத்துக்கு மேல் தைத்த மஞ்சள் முழுக்கப் போயிருந்தது. 40 டஜன். கட்டுச் சீட்டை வைத்து அந்தப் பண்டிலை மட்டும் பிரித்துவிடலாம் என்று பெரிய கம்பெனிக்குப் போன் செய்தார். அங்கே செக்கிங் மேஜையில் எல்லாவற்றையும் கொட்டிக் கலந்துவிட்டார்கள்.

மொபெட்டில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கேதான் முதல்முறையாக ஊசி கண்டுபிடிக்கும் மிஷினைப் பார்த்தேன். ஒரு சின்னக் குகை மாதிரி இருக்கும், நடுவில் பெல்ட் ஓடும். ஆரம்பிக்கும் முன்னால் ஒரு பிளாஸ்டிக் அட்டையை விட்டுப் பார்த்தார்கள். அதில் 1.2 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு ஒன்று பதித்திருக்கும். பெல்ட்டின் இடது, நடு, வலது என்று மாற்றி மாற்றி ஒன்பது இடத்தில் வைத்து விட வேண்டும். ஒன்பது தடவையும் மிஷின் கத்தி பெல்ட் நின்றால்தான் மிஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கத்தியது. கடுகைவிடச் சின்ன குண்டுக்கு அவ்வளவு பெரிய சத்தம்.

480 பீஸ். ஒவ்வொன்றாக நான்தான் பெல்ட்டில் வைத்தேன். வாத்து மேலே பார்க்க ஒன்று, அடுத்து ஒன்று. ஒவ்வொரு பீஸும் குகைக்குள் போகும்போது கத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கத்தினால் கிடைத்துவிடும், முடிந்துவிடும். கத்தவே இல்லை. முடிந்ததும் சூப்பர்வைசர் அண்ணன், "திருப்பி வெச்சு இன்னொருக்கா விடு" என்றார். விட்டேன். அப்போதும் கத்தவில்லை. அதற்கும் மேல் எனக்கு மனசு ஆறவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒரு மூலையில் உட்கார்ந்து 480 ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. இங்கே எங்கள் யூனிட்டில் மெக்கானிக் அஞ்சாம் நம்பர் மிஷினையே பிரித்துப் போட்டுத் தேடியிருந்தார். கிடைக்கவில்லை. காலையில் கூட்டிய குப்பை ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அந்த முனை இன்று வரை கிடைக்கவில்லை.

அக்கா புதன்கிழமை வரவில்லை. குழந்தையைக் காங்கேயம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். வியாழக்கிழமை வந்தார். அன்று ஓட்டு எண்ணிக்கை. ரேடியோவைச் சத்தமாக வைத்து எல்லாரும் தொகுதி தொகுதியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டு ரிஜிஸ்டரைக் காட்டினார். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. அக்கா திரும்பி என்னிடம் வந்தார்.

"எனக்கோசரம் பண்ணுனயாக்கும்?"

தலையை ஆட்டினேன்.

"என்ற பேருக்கு நேரா என்ற கையெழுத்து இருக்குது. நாளைக்கு ஏதாவதொண்ணுன்னா எவளோ ஒருத்தி தெச்சதுன்னு சொல்ல மாட்டாங்க, என்னயத்தான் சொல்லுவாங்க. பொய் சொல்லோணும்னா உன்ற பேர்ல சொல்லிக்கோ. என்ற பேர்ல சொல்றதுக்கு உனக்கு ஆரு சொன்னது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சமாதானம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

என்னைப் புதன்கிழமைச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். அவரைத்தான் ஓனர் இரண்டு நாள் மிஷினை விட்டு எழுப்பிப் பிசிர் வெட்ட உட்கார வைத்தார். கையெழுத்துப் போடும் முன்னால் டைலர் பார்த்திருக்க வேண்டுமாம். பிசிர் வெட்டினால் டைலர் கூலியில் பாதிகூட வராது. சூப்பர்வைசரும்தான் பார்க்கவில்லை, அவருக்கு ஒன்றும் இல்லை. 17 வயதில் எனக்கு அது அநியாயம் என்று தெரிந்தது. எங்கே அநியாயம் என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது சொல்லத் தெரியும். நான் குவாலிட்டி வேலைக்கு வந்து 12 வருஷம் ஆகிறது. ஊசி விதியில் ஒரு எழுத்துக்கூடத் தளர்த்த மாட்டேன். ஜப்பான் ஆர்டர் ஓடும்போது இதைவிடக் கெடுபிடியாகக்கூட வேலை பார்த்திருக்கிறேன், அதுவும் சரிதான். ஆனால் ஒரு எள் அளவு இரும்பை அரை மணி நேரம் தேடுவது யார் செலவில் நடக்கிறது? பீஸ் ரேட்டில் இருக்கிற டைலர் செலவில். ஊசி உடைந்தது என்று கை தூக்குகிறவருக்கு அன்றைக்குக் கூலி குறையும் என்றால், அவர் கையைத் தூக்கத் தயங்கத்தான் செய்வார். சொந்தக் காசில் ஊசி வாங்கி ரவிக்கையில் குத்தி வைத்துக்கொண்டு, உடைந்தால் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்கிற டைலர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் ஒரு ஒன்பது மணி பஸ் இருக்கிறது. அதனால்தான் எங்கள் ரிஜிஸ்டரில் அந்தக் கட்டம். 20 நிமிடம் தேடினால் 20 நிமிடத்துக்கு ஷிப்ட் கணக்கில் காசு. இதை ஒத்துக்கொள்ள வைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. கட்டம் வந்த பிறகு ஊசி உடைந்ததாக வருகிற பதிவு கூடிவிட்டது என்று மேலே இருந்து கேட்டார்கள். ஊசி முன்னாலும் அதே அளவுதான் உடைந்தது, இப்போதுதான் சொல்கிறார்கள் என்றேன்.

அந்த வாரத்துச் சனிக்கிழமையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அன்று அக்கா அஞ்சாம் நம்பருக்குத் திரும்பியிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தேன், காலையிலிருந்து பேச்சில்லை. சனிக்கிழமை சம்பளக் கவர் நாலரைக்கே வந்துவிடும், வேலை அஞ்சரை வரைக்கும். என் கவரில் 330 ரூபாய். பிரிக்காமல் அப்படியே அக்காவிடம் நீட்டினேன்.

வாங்கினார். பிரித்தார். உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டார், மிஷினில் தைத்திருந்தால் எவ்வளவு, பிசிர் வெட்டியதற்கு எவ்வளவு என்று. 130 ரூபாயை எண்ணி எடுத்துத் தன் கவரில் வைத்துக்கொண்டு, 200 ரூபாயை என் சட்டைப் பையில் செருகினார்.

"பாப்பாவுக்குக் காச்சல் நின்னுருச்சுங்களாக்கா?"

"நேத்தே நின்னுருச்சு. இட்லி கேட்டா." மிஷினுக்குக் கீழே காலை நகர்த்திப் பெடலைத் தேடி வைத்தார். "மடி கண்ணு, இன்னும் ரெண்டு கட்டு கெடக்குது."